ஐ.டி. மேலாண்மை எம்.எஸ்.: சம்பளப் பட்டியலைப் படித்துக் கடன் அளவை முடிவு செய்வது எப்படி

போன தை மாதம் என் அக்கா மகன் ஒரு விளம்பரத் தாளோடு வீட்டுக்கு வந்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி மேனேஜ்மென்ட் என்ற முதுகலைப் படிப்பு. தாளின் நடுவில் கொட்டை எழுத்தில் 1,71,200 டாலர். "படித்து முடித்தால் இதுதான் சம்பளம், மாமா" என்றான். அடியில் எறும்பு எழுத்தில் இருந்த வரியை அவன் படிக்கவில்லை. எண் சரியான எண்தான்; அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024 மே மாதத்துக்கு வெளியிட்ட இடைநிலைச் சம்பளம் அது. ஆனால் அது கணினி, தகவல் அமைப்பு மேலாளர்களுடைய சம்பளம். அந்த நாற்காலியில் உட்காரப் பட்டம் போதாது, ஐந்தாண்டோ அதற்கு மேலோ பணி அனுபவமும் வேண்டும் என்று அதே துறைதான் எழுதி வைத்திருக்கிறது. இருபத்து மூன்று வயதில் பட்டம் வாங்குகிறவனுக்கு அந்த நாற்காலி காலியாக இருக்காது.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் கல்விக் கடன் கோப்புகளைப் பார்த்தவன். மஞ்சள் பையிலிருந்து தாய்ப்பத்திரத்தை எடுத்து மேசையில் வைக்கும் அப்பாக்களை அந்தக் காலத்தில் நிறையப் பார்த்தேன். பிள்ளை எந்த ஊருக்குப் போகிறான், எந்தப் பல்கலைக்கழகம், தரவரிசை என்ன என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கேட்டால் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளை என்னைப் பார்ப்பான். அக்கா மகனோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான், அந்த வரிசையிலேயே, இங்கே எழுதுகிறேன். 2024/25 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். அவர்களில் பாதிக்குப் பாதியாவது இந்தக் கணக்கைப் போடாமல்தான் விமானம் ஏறியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

முதல் படி: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

இந்தப் படிப்புக்கு ஊருக்கொரு பெயர். டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி அண்ட் மேனேஜ்மென்ட். கார்னகி மெலனில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட். அரிசோனாவிலும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலும் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். பாடங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்தவை: தரவுத்தளம், திட்ட மேலாண்மை, வணிகப் பகுப்பாய்வு, கொஞ்சம் நிரலாக்கம், கொஞ்சம் நிதி. சில இடங்களில் வணிகக் கல்லூரி நடத்தும். சில இடங்களில் கணினித் துறை நடத்தும்.

அமெரிக்க அரசு இந்தப் பெயர்க் குழப்பத்தை ஓர் எண்ணால் தீர்த்திருக்கிறது. அதற்கு சி.ஐ.பி. எண் என்று பெயர். 11 என்று தொடங்கினால் கணினி வகை. 52 என்று தொடங்கினால் வணிக வகை. நம் படிப்பு இரண்டிலும் வரும். 11.10 என்பது தகவல் தொழில்நுட்ப நிர்வாகமும் மேலாண்மையும், 52.12 என்பது மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எண்ணில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். படிப்பு முடிந்தபின் அமெரிக்காவில் 12 மாதம் வேலை பார்க்க எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அனுமதி உண்டு; ஓ.பி.டி. என்று சொல்வார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உங்கள் படிப்பின் எண் இருந்தால் அதோடு இன்னும் 24 மாதம் சேரும். தகவல் தொழில்நுட்பத் திட்ட மேலாண்மைக்கான 11.1005 அந்தப் பட்டியலில் இருக்கிறது. 52 வரிசையில் 52.1301 போன்ற சில எண்கள் மட்டுமே உண்டு; ஆகவே 52 என்று தொடங்கினால் பட்டியலைத் திறந்து உங்கள் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு மறுவேலை பாருங்கள். ஒரே பாடத்திட்டம், ஒரே கட்டணம் உள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று 36 மாதமும் மற்றொன்று 12 மாதமும் தரக்கூடும். இந்த 24 மாத வித்தியாசம் கடனில் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் கழித்துக் காட்டுகிறேன்.

இரண்டாம் படி: அரசின் சம்பளப் பட்டியலைத் திறங்கள்

காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற இணையதளத்தை அமெரிக்கக் கல்வித் துறை 2015 செப்டம்பரில் இந்த வடிவில் தொடங்கியது. முதலில் கல்லூரிவாரியாக மட்டும் விவரம் இருந்தது. 2019 முதல் படிப்புவாரியாக, பட்டவாரியாகக் கடனும் சம்பளமும் கிடைக்கின்றன. பாடப்பிரிவு என்ற தேடலுக்குப் போய் மேலே சொன்ன இரண்டு பிரிவுகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, மாஸ்டர்ஸ் பட்டம் என்று குறித்தால் பல்கலைக்கழகங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சம்பளம், ஒரு கடன் தொகை. கட்டணம் இல்லை, பதிவு இல்லை. விளம்பரத் தாளைப் போல் இல்லாமல் இந்தச் சம்பளம் வருமான வரிப் பதிவுகளிலிருந்து வருவது. யாரும் கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டும் இடைநிலை அளவுகள். நூறு பேரைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவருடைய எண். சராசரி என்று படித்துவிட்டால் தவறு. பல பல்கலைக்கழகங்களுக்கு எதிரே எண் இருக்காது. மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தனியுரிமை கருதி மறைத்துவிடுவார்கள். காலியாக இருப்பதால் படிப்பு மோசம் என்று பொருள் இல்லை.

எண்களைத் தாளில் எழுதிக்கொண்டே வந்த அக்கா மகன், நடுத்தரக் கட்டணம் உள்ள ஓர் இணையவழிப் பல்கலைக்கழகத்தின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். பேர்போன பல்கலைக்கழகங்களுக்குச் சமமாக இருந்தது. "இதற்கே போய்விடலாமே, மாமா!" அவன் அப்படிக் கேட்டதுதான் நல்லதாய்ப் போயிற்று.

மூன்றாம் படி: அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்

ஸ்கோர்கார்டில் சம்பளமும் கடனும் எடுக்கப்படுவது அமெரிக்க மத்திய அரசின் கல்வி நிதியுதவி பெற்ற மாணவர்களிடமிருந்து மட்டும். எஃப்-1 விசாவில் வரும் மாணவருக்கு அந்த உதவி பெறத் தகுதியே கிடையாது. ஆக, திருச்சியிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ போன ஒருவர்கூட அந்த எண்ணுக்குள் இல்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இந்தியர்களாக இருந்தாலும், பட்டியலில் இருப்பது மீதிக் கால்வாசியில் அரசுக் கடன் வாங்கியவர்களின் சம்பளம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை வங்கி விண்ணப்பத்தில் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மீதிப் பேர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் ஐ.டி. மேலாண்மையில் முதுகலை தருகிறது. முழுக்க இணையவழி, ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். இப்படிப்பட்ட இடங்களில் படிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். பத்துப் பதினைந்து ஆண்டு ஐ.டி. துறையில் உழைத்து, பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டு, இரவில் படிப்பவர்கள். அவர்கள் பட்டம் வாங்கும் முன்பே நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் தெரியும் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த அனுபவத்துக்கு வந்தது. அது பட்டம் கொடுத்த சம்பளம் என்று எடுத்துக்கொள்வது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மோதிரத்தைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்கு விலை பேசுவதைப் போன்றது. தவிர, முழுக்க இணையவழிப் படிப்புக்கு மாணவர் விசாவே கிடைக்காது. அவனுடைய "போய்விடலாமே" அங்கேயே முடிந்தது.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. சம்பளம் கணக்கிடப்படுவது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். வேலையில்லாதவரின் பூஜ்யம் அதில் சேராது. கடன் கணக்கிடப்படுவது கடன் வாங்கியவர்களுக்கு மட்டும், அதிலும் மத்திய அரசுக் கடன் மட்டும். தனியார் வங்கியில் வாங்கியது சேராது.

அப்படியானால் இந்தப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்குப் பயன்படும். நேரடி வகுப்பு நடத்தும், ஒரே வகையான இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றில் சம்பளம் நன்றாக மேலேயும் கடன் நன்றாகக் கீழேயும் இருந்தால், அந்த வட்டாரத்து நிறுவனங்கள் அந்தப் பட்டத்தை எப்படி மதிக்கின்றன என்பது தெரியும். உங்கள் சம்பளம் எவ்வளவு என்பதை அது சொல்லாது.

நான்காம் படி: உங்களைப் போன்றவர்களின் சம்பளத்தைத் தேடுங்கள்

வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க உதவும் எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் முதலில் தொழிலாளர் துறையிடம் எல்.சி.ஏ. என்ற ஒப்புதலைப் பெற வேண்டும். வேலையின் பெயர், ஊர், தர இருக்கும் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளர் துறை இந்த விண்ணப்பங்களைக் காலாண்டுதோறும் எக்செல் கோப்பாகப் பொதுவில் வெளியிடுகிறது. கோப்பு பெரிது, திறக்கவே கணினி மூச்சு வாங்கும். திறந்ததும் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் மாநகரத்தை வடிகட்டுங்கள். பிறகு இந்தப் படிப்பை முடித்தவர்கள் உண்மையில் சேரும் வேலைகளை: கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட், புராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஸ்பெஷலிஸ்ட். ஊதிய நிலை என்ற கட்டத்தில் I, II (அதாவது 1, 2) என்று இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்பவர்கள் அங்கேதான் இருப்பார்கள். மிஞ்சும் வரிசைகளின் நடு எண் உங்களுக்கு அருகில் வரும்.

ஒப்பீட்டுக்கு, எல்லா அனுபவ நிலையினரையும் சேர்த்து 2024 மே மாத நாட்டளவிலான இடைநிலைச் சம்பளம் சிஸ்டம்ஸ் அனலிஸ்டுகளுக்கு 1,03,790 டாலர். திட்ட மேலாண்மை வல்லுநர்களுக்கு 1,00,750 டாலர். புதியவர் அதற்குக் கீழே தொடங்குவார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது. எச்-1பி கோப்பில் இருப்பவர்கள் ஏற்கெனவே வேலை கிடைத்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பல்கலைக்கழகமே வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையைப் படிக்கும்போது ஒரே கேள்விதான்: எத்தனை பேரில் எத்தனை பேர்? 200 பேர் பட்டம் பெற்று, 80 பேர் படிவத்தை நிரப்பி, அதில் 72 பேருக்கு வேலை கிடைத்திருந்தால் தாளில் 90 சதவீதம் என்று வரும். மீதி 120 பேர் எங்கே என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: செலவு

இது எளிது. ஒரு கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) எவ்வளவு, மொத்தம் எத்தனை கிரெடிட் (பெரும்பாலும் 30 முதல் 36), கட்டாயக் கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு, வாடகை, சாப்பாடு, விமானம். ஐ-20 படிவத்தில் போட்டிருக்கும் தொகை ஓராண்டுக்கானது. அதை இரண்டாண்டு என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. வளாகத்துக்குள் பகுதிநேர வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. அது சாப்பாட்டுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. உதவித்தொகையோடு கூடிய உதவியாளர் பதவி இந்த மாதிரித் தொழில்முறைப் படிப்புகளில் அரிது.

கட்டணத்தைக் குறைக்கும் ஒரு வழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில், போட்டி முறையில் தரப்படும் உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 டாலராவது கிடைத்தால், வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணத்தை வாங்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. உதவித்தொகை சிறிது, கட்டணத்தில் விழும் தள்ளுபடி பெரிது. சேர்க்கைக் கடிதத்தில் உதவித்தொகை இருந்தால், உள்மாநிலக் கட்டணம் உண்டா, இரண்டாம் ஆண்டும் தொடருமா, எத்தனை மதிப்பெண் எடுத்தால் தொடரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கடன் கணக்கு

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். அக்கா மகனுக்குப் போட்ட கணக்கையே தருகிறேன். கடன் 45 லட்சம் ரூபாய், வட்டி 11 சதவீதம், ஒரு டாலர் 88 ரூபாய். உங்கள் எண்களை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

வங்கி 45 லட்சத்தையும் ஒரே நாளில் தருவதில்லை. பருவத்துக்குப் பருவம் விடுவிக்கும்: முதலில் 15 லட்சம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 லட்சம் வீதம் மூன்று முறை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். வங்கியில் மாரட்டோரியம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி உண்டு. தனி வட்டியாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாண்டுப் படிப்பு முடியும் நாளில் வட்டி 6 லட்சத்து 60 ஆயிரம் ஏறி, பாக்கி 51 லட்சத்து 60 ஆயிரம். மூன்றாம் ஆண்டு முடிவில் 56 லட்சத்து 55 ஆயிரம். அதைப் பத்தாண்டில் கட்டுவதென்றால் மாதம் ஏறத்தாழ 77,900 ரூபாய். பதினைந்தாண்டு என்றால் மாதம் 64,300. ஆனால் மொத்தம் ஒரு கோடியே 15 லட்சத்தைத் தாண்டும்.

இப்போது இரண்டு காட்சிகள்.

ஒன்று, டல்லாஸில் 80,000 டாலர் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. ஓ.பி.டி.யில் இருக்கும் மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதத்தைக் கட்ட வேண்டியதில்லை. இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின்படி நிலையான கழிவும் உண்டு. வரி போக மாதம் ஏறத்தாழ 5,900 டாலர் கைக்கு வரும். அறையைப் பகிர்ந்துகொண்டு, பழைய கார், காப்பீடு, மளிகை என்று 2,600 செலவானால் 3,300 மிச்சம். ரூபாயில் மாதம் 2 லட்சத்து 90 ஆயிரம். படிப்பு முடிந்த மறுநாளே வேலை என்று வைத்துக்கொண்டால் 20 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ஸ்டெம் எண் இருந்து 36 மாதம் கையில் இருந்தால், வேலை தேட இரண்டு மூன்று மாதம் போனாலும் தாங்கும். ஸ்டெம் எண் இல்லாமல் 12 மாதம்தான் என்றால், ஒரு நாள்கூட வீணாகாமல் கட்டினாலும் ஊருக்கு விமானம் ஏறும்போது 21 லட்சம் பாக்கி இருக்கும். முதல் படியில் அந்த ஆறு இலக்க எண்ணுக்காக அவ்வளவு மல்லுக்கட்டியது இதற்காகத்தான். ஓ.பி.டி. தொடங்கியபின் முதல் ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்க முடியாது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

இரண்டாவது காட்சியை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. வேலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்துச் சீக்கிரம் போய்விட்டது, ஊர் திரும்பியாயிற்று. சென்னையில் ஆண்டுக்கு 9 லட்சத்தில் ஒரு வேலை. பிடித்தம் போக மாதம் 68,000 வரும் என்று வையுங்கள். பத்தாண்டுத் தவணை 77,900. சம்பளத்தைவிடத் தவணை பெரிது. பதினைந்தாண்டாக நீட்டினாலும் 64,300 போய், பஸ் டிக்கெட்டுக்கும் டீக்கும் மிச்சம் 3,700.

அந்தச் சம்பளத்தில் எவ்வளவு கடனைத் தாங்கலாம்? நாற்பது சதவீதத்தைத் தவணைக்கு ஒதுக்கினால் மாதம் 27,000. பதினைந்தாண்டுக்கு, மாரட்டோரியம் வட்டியையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், தொடக்கக் கடன் ஏறத்தாழ 19 லட்சம். ஆக 45 லட்சத்தில் 19 லட்சம் கடன்; மீதி 26 லட்சம் பந்தயம். பந்தயம் கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருடைய வீட்டை வைத்துக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். அந்த 26 லட்சத்தை அவன் தாளில் எழுதி வட்டம் போட்டான். இரண்டு ஆண்டு இங்கேயே வேலை பார்த்துச் சேமித்துவிட்டுப் போவது, உதவித்தொகை தரும் இடத்தை மட்டும் பார்ப்பது, கட்டணம் குறைந்த மாநிலத்துக்குப் போவது என்று அந்த வட்டத்தைச் சிறிதாக்கும் வழிகளை அதற்குப் பிறகுதான் பேசினோம். இரண்டு ஆண்டு அனுபவம் அமெரிக்காவில் வேலை தேடும்போதும் உதவும். என்னைக் கேட்டால் அதுதான் இந்தப் படிப்புக்குப் போவதற்குச் சரியான வழி.

ஏழாம் படி: மூன்றாண்டுக்குப் பிறகு

ஓ.பி.டி. முடிந்தால் எச்-1பி வேண்டும். ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்க முதுகலைக்காரர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால் குலுக்கலில்தான் கிடைக்கும். அந்தக் கூடுதல் பங்கில் சேர, பட்டம் அரசு அல்லது லாபநோக்கற்ற பல்கலைக்கழகத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். லாபத்துக்கு நடத்தும் பல்கலைக்கழகத்தின் பட்டம் அதில் சேராது. கட்டணம் குறைவு என்று அப்படியோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

2026 முதல் குலுக்கலும் மாறியிருக்கிறது. மேல்மட்டமான ஊதிய நிலை 4 என்றால் நான்கு சீட்டு, தொடக்கமான நிலை 1 என்றால் ஒரு சீட்டு. தொடக்கச் சம்பளம் கடனைத் தீர்ப்பதோடு நிற்பதில்லை. அங்கே தங்க முடியுமா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. இன்னொன்று: 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது, அமெரிக்காவுக்குள்ளேயே எஃப்-1 நிலையிலிருந்து மாறுபவருக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை விளக்கியது. ஊருக்கு வந்துவிட்டு மறுபடி போய்க்கொள்ளலாம் என்ற பழைய நினைப்பு இனி எளிதல்ல.

அனுபவம் இருப்பதாகப் போலி விவரக் குறிப்பு எழுதித் தருகிறோம், வேலை வாங்கித் தருகிறோம் என்று கைபேசிக்கு வரும் அழைப்புகளை எடுக்காதீர்கள். விசாவே போய்விடும்.

கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்கு

அங்கேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலே உள்ளதில் பாதி தேவையில்லை. ஸ்கோர்கார்டு எண்கள் அவர்களுக்கு நேரடியாகவே பொருந்தும். மத்திய அரசுக் கடனில் முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் வரை. 2025-26இல் வட்டி 7.94 சதவீதம். அதற்கு மேல் தேவைப்பட்டால் எடுத்துவந்த கிராட் பிளஸ் கடன், 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு இல்லை. முதுகலைக்கு மொத்த வரம்பு 1,00,000 டாலர். வேலையில் இருந்தால் முதலாளி ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தரும் படிப்பு உதவிக்கு வரி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மனிதவளப் பிரிவில் கேட்க வேண்டிய கேள்வி அது.

எட்டாம் படி: வங்கியில்

இந்திய வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம். அதற்கு மேல் பெரும்பாலும் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். சில வங்கிகள் தங்கள் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பிணையின்றியும் தருகின்றன. வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். சொத்து அடமானம் என்றால் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒரு மாதம் போய்விடும். சேர்க்கைக் கடிதம் வந்தபின் தொடங்கலாம் என்று இருந்தால் விசா நேர்காணலுக்குள் கடன் ஒப்புதல் கைக்கு வராது. வில்லங்கச் சான்றை முதலிலேயே எடுத்து வையுங்கள். கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடும் அப்பாவின் சிபில் மதிப்பையும் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் மதிப்பெண்) பாருங்கள். பத்தாண்டுக்கு முன் கட்டாமல் விட்ட கடன் அட்டை ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: மாரட்டோரியத்தில் தனி வட்டியா கூட்டு வட்டியா, வட்டி மாறக்கூடியதா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா.

முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். மேலே சொன்ன கணக்கில் முதலில் மாதம் 13,750. முழுத் தொகையும் விடுவித்தபின் 41,250. அப்படிக் கட்டினால் பத்தாண்டுத் தவணை 77,900இலிருந்து 62,000க்கு இறங்கும். வீட்டில் யாராவது சம்பாதிக்கிறார்கள் என்றால்தான் இது நடக்கும். கட்டும் வட்டிக்கு 80இ என்று பழகிப்போன வரிக் கழிவு எட்டாண்டுக்கு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருந்து, இந்தியாவில் வரி கட்டும் வருமானமும் உள்ளவருக்குத்தான். பிணையில்லாமல் டாலரில் கடன் தரும் வெளிநாட்டு நிறுவனங்களின் கடனுக்கு அது கிடைக்காது.

கட்டணத்தை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி அங்கிருந்து அனுப்பாதீர்கள். கடன் கணக்கிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். 2025 ஏப்ரல் முதல், வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் இல்லை. சொந்தப் பணமாக அனுப்பினால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்குப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறுவதற்குள் அடுத்த பருவக் கட்டணம் வந்து நிற்கும். அனுப்பிய அன்றே, பணம் போனதற்கு வங்கி தரும் அத்தாட்சியான ஸ்விஃப்ட் நகலைக் கேட்டு வாங்கிப் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மாணவர் எண்ணைக் குறிப்பிட மறந்தால் பணம் போய்ச் சேர்ந்தும் சேராமல் இரண்டு வாரம் தொங்கும்.